சிறிய வீட்டுக்குக் குறைவான அறைகலன்கள்: மேசையிலிருந்து தொடங்குவது

சென்னையில் 800 சதுர அடி அடுக்ககம் ஒன்றுக்குக் குடிபோகவிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் கணவன், மனைவி, 7 வயதுப் பெண், முழங்கால் வலியுள்ள மாமியார் என நால்வர். கூடமும் சாப்பிடும் இடமும் சேர்ந்து 16 அடிக்கு 10 அடி. மினிமலிஸ்ட் பாணியில், அதாவது தேவையானவை மட்டும் அலங்காரமின்றி இருக்கும் வகையில், மேசையும் பிற அறைகலன்களும் வேண்டும். மேசை எந்த அளவில், எந்த மரத்தில் இருக்க வேண்டும்? கடையில் வாங்குவதா, ஆசாரியிடம் செய்யச் சொல்வதா? சுவரில் மடித்து வைக்கும் மேசை சரிப்படுமா?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடவும் எழுதவும் கணினி வைக்கவும் காய் நறுக்கவும் ஒரே மேசை போதும். அது 4 அடிக்கு இரண்டரை அடி அளவுள்ள நீள்சதுர மேசையாக இருக்கட்டும். அதைத் தேக்கிலோ, நன்கு பதப்படுத்திய ரப்பர் மரத்திலோ ஆசாரியிடம் செய்துகொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள். சுவரில் மடிக்கும் மேசை உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதன்று. சொன்ன மரமோ சொன்ன அளவோ கிடைக்காதபோது நீங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பதால், காரணங்களைச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

மினிமலிசம் என்றதும் வெள்ளைப் பலகை, ஒல்லியான கறுப்புக் கம்பிக் கால்கள், பக்கத்தில் ஒரு பச்சைச் செடி என்ற படம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தத் தோற்றம் பிற்காலத்து ஒப்பனை. எளிய அறைகலன்கள் செய்முறையிலிருந்தும் அன்றாடத் தேவையிலிருந்தும் பிறந்தவை. 1859இல் தோனெட் என்ற அறைகலன் நிறுவனம் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலியில் மொத்தம் 6 மரத்துண்டுகள்தாம். அவற்றை 10 திருகாணிகளும் 2 நட்டுகளும் சேர்த்துப் பிடித்தன. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. அமெரிக்காவில் ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் சுவரைச் சுற்றி வரிசையாக முளைகள் பதித்து, நாற்காலிகளைத் தூக்கி அவற்றில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்கினார்கள். அவர்களுடைய நாற்காலிகள் எடை குறைந்து, அலங்காரமற்று இருந்ததற்கு அவர்களுடைய சமய ஒழுக்கமும் துடைப்பமும் சம அளவில் காரணம் என்பது என் எண்ணம்.

நமக்கு அருகிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கப்பட்ட கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். அங்கேயே தங்கிப் பணியைக் கவனித்தவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்ற அதே நகஷிமாதான். அந்த அறைகளுக்கான தேக்கு அறைகலன்களையும் அவரே வடிவமைத்தார். கடற்கரை ஊரின் வெக்கையையும் ஈரத்தையும் கணக்கில் கொண்டு எழுந்த எளிமை அது. குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து வாங்குவதற்கு முன், நம் கடற்கரைக் காற்றில் எது நிற்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். எளிமையான மேசை மலிவாக இருக்கும் என்று எண்ணி வருபவர்கள் பலர். மூட்டில் இடைவெளி விழுந்தால் மறைப்பதற்குப் பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டி உண்டு, பூவேலை உண்டு, உருண்டை கடைந்த கால் உண்டு. இவை எதுவும் இல்லாத மேசையில் ஆசாரியின் கை தவறியது அத்தனையும் வெளியே தெரியும். அதனால் சரியான மூட்டும் காய்ந்த மரமும் நிதானமான இழைப்பும் தேவைப்படுகின்றன. கூலியும் அதற்கேற்பக் கூடுகிறது. நான்கு சுமாரான சாமான்களுக்கு மாற்றாக ஒரு நல்ல சாமான் என்ற கணக்கில்தான் இந்தப் பாணி கட்டுப்படியாகும்.

இனி அளவு. சாப்பிட அமரும் ஒருவருக்கு 24 அங்குல அகலம் வேண்டும்; நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து 3 அடி வேண்டும். உங்கள் கூடத்தின் 16 அடிச் சுவரோடு மேசையின் நீளப் பக்கத்தை ஒட்டி வைத்தால், முன்பக்கம் இருவர், இரு முனைகளிலும் ஒவ்வொருவர் என நால்வரும் அமரலாம். அப்போது 10 அடி அகலத்தில் மேசையும் நாற்காலியும் ஐந்தரை அடியை எடுத்துக்கொள்ள, நடப்பதற்கு நாலரை அடி மிஞ்சும். நீளவாக்கில் முனை நாற்காலிகளையும் சேர்த்து 10 அடி போனால் 6 அடி மிச்சம்; அதில் இருவர் அமரும் இருக்கை ஒன்று அடங்கும். விருந்தினர் வரும் நாளில் மேசையைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டால் சுவர்ப் பக்கமும் இருவர் அமரலாம். வட்ட மேசை அழகாக இருக்கும்தான். ஆனால் மூன்றரை அடி வட்ட மேசையைச் சுவரோடு ஒட்ட முடியாது. இரு பக்கமும் 3 அடி விட்டால் 10 அடிக் கூடத்தில் அரை அடிதான் மிஞ்சும். ஆறு பேருக்கான 5 அடி மேசை வேண்டும் என்று உறவினர் எவரேனும் வற்புறுத்துவார்கள். ஆண்டில் பத்து நாள் வரும் விருந்தினருக்காக மீதி நாட்களில் வீட்டார் இடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

உயரம் 30 அங்குலம், இருக்கையின் உயரம் 18 அங்குலம் என்பது வழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் தொடை நுழைய ஏறத்தாழ 7 அங்குலம் வேண்டும். இங்கேதான் மெல்லிய மேசையின் சிக்கல் தொடங்குகிறது. மேற்பலகைக்கு அடியில் நான்கு கால்களையும் இணைக்கும் சட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் மேசை மிதப்பதுபோல் தெரியும் என்பதால் புதுப்பாணி மேசைகள் பலவற்றில் அதைக் காண முடிவதில்லை. ஆனால் சட்டம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பக்கவாட்டில் தள்ளும்போது கால் ஆடாமல் பிடிக்கிறது. பலகை தொய்யாமல் தாங்குகிறது. பலகை முழுவதும் ஒரே சீராகப் பாரம் இருக்குமானால், தாங்கும் இடங்களுக்கு நடுவிலுள்ள தூரம் இரட்டிப்பாகும்போது தொய்வு 16 மடங்காகும். பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். புத்தக அலமாரியில் 18 மில்லிமீட்டர் துகள்பலகையை (பார்ட்டிகிள் போர்டு) 3 அடிக்குத் தாங்கலின்றி விட்டால் ஓரிரு ஆண்டில் வில்லாக வளைவது இதனால்தான். மேசைக்கு ஒரு அங்குலப் பலகையும் மூன்றரை அங்குலச் சட்டமும் வைத்தால், சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து இருபத்தைந்தரை அங்குலத்தில் நிற்கும். தொடையும் நுழையும், மேசையும் ஆடாது. சட்டத்தை விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி, பலகையின் அடிவிளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டால், நின்று பார்ப்பவர் கண்ணுக்கு மேசை மெல்லியதாகவே தெரியும்.

காலையும் சட்டத்தையும் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். காலில் துளையும் சட்டத்தின் நுனியில் அதற்குள் இறுகப் பொருந்தும் நாக்கும் செதுக்கிப் பசையிட்டுச் சேர்ப்பது பழைய முறை; அதைவிட நம்பகமானதை நான் இன்னும் பார்க்கவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, கழற்றி மாட்டும் வசதிக்காக, மூலையில் இரும்புத் தகடும் போல்ட்டும் கொடுக்கலாம். மரத்தில் நேரடியாகத் திருகாணி இறக்கிய கால் மட்டும் வேண்டாம். இரண்டாம் முறை கழற்றும்போதே அந்த ஓட்டை தளர்ந்துவிடும்.

மேற்பலகை எதனால் ஆனது என்பது எடையில் முதலில் தெரியும். 4 அடிக்கு இரண்டரை அடி என்ற இதே அளவில், 20 மில்லிமீட்டர் கிரானைட் ஏறத்தாழ 50 கிலோ வரும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி 28 கிலோ. ஓர் அங்குலத் தேக்கு 15 கிலோவை ஒட்டியிருக்கும். ஒரே மேசையைச் சுவரோரமும் நடுவிலுமாக நகர்த்தி வாழப்போகும் வீட்டில் கல்லும் கண்ணாடியும் தாமாகவே விலகிவிடுகின்றன. கண்ணாடியில் இன்னொரு தொல்லை, ஒவ்வொரு கைரேகையும் தெரியும். குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் துடைப்பதே ஒருவருக்குத் தனி வேலை.

மரங்களில் தேக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் எண்ணெய்ப் பசை கரையானையும் ஈரத்தையும் தாங்கும். பருவ மாற்றத்தில் சுருங்குவதும் விரிவதும் குறைவு. ஆனால் தேக்கு என்று விற்கப்படுவதெல்லாம் வைரம் பாய்ந்த உள்மரமன்று. வெளிறிய வெளிமரத்தை வண்ணம் ஏற்றித் தருபவர்கள் உண்டு; பாலிஷ் போடுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். ரப்பர் மரம் பால் வற்றிய பிறகு, நட்டு 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படுவது. பால் எடுத்து முடித்த மரம் என்பதால் காட்டுக்குச் சேதமில்லை என்ற நிம்மதியும் உண்டு. வெளிர்நிறம், சீரான இழை, நியாயமான விலை. ஆனால் பச்சையாக விட்டால் பூஞ்சையும் வண்டும் உடனே பிடிக்கும்; போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்திய பலகையாகத்தான் வாங்க வேண்டும். வேங்கையும் பலாவும் நல்ல மரங்களே. உங்கள் ஆசாரியிடம் காய்ந்த பலகை கையிருப்பில் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

காய்ந்த மரம் என்றாலும் அது அசைந்துகொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில் இழைக்குக் குறுக்காக விரியும், ஏ.சி. ஓடும் அறையில் சுருங்கும். இரண்டரை அடி அகலப் பலகையில் இது சில மில்லிமீட்டர் வரை போகும். பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கி ஒட்டிவிட்டால் அசைய வழியின்றி ஒருநாள் வெடிக்கும். சட்டத்தின் உட்புறம் காடி என்ற நீளப் பள்ளம் எடுத்து, அதில் நகரும் மரக்கட்டைகளால் பலகையைப் பிடிக்க வேண்டும். அல்லது திருகாணித் துளையை நீள்வட்டமாக எடுக்க வேண்டும். ஒரு பட்டறையில் மேசையைக் கவிழ்த்துப் பார்த்து இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்த்தாலே, செய்பவருக்கு மரம் தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

அலமாரி, டிவிப் பலகை போன்றவற்றுக்கு முழுமரம் தேவையில்லை, பிளைவுட் போதும். பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை உண்டு. பிளைவுட்டில் எம்.ஆர். (ஈரம் எதிர்ப்பது) என்ற தரம் உலர்ந்த அறைக்கு மட்டும் ஏற்றது, பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் எதிர்ப்பது) என்ற தரம் ஓரளவு ஈரம் தாங்கும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைப்பதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வாங்குங்கள். மினிமலிஸ்ட் என்று விற்கும் விலை குறைந்த சாமான்களில் பெரும்பாலானவை துகள்பலகையால் ஆனவை. அந்தப் பலகை தன்னளவில் தவறன்று. நம் வீட்டுப் பழக்கத்தோடுதான் அதற்கு ஒத்துவராது. நாம் நாள்தோறும் தரையை ஈர மாப் போட்டுத் துடைக்கிறவர்கள். பக்கப்பலகை நேராகத் தரையில் நிற்கும் அலமாரியின் அடிவிளிம்பு ஒவ்வொரு நாளும் தண்ணீர் குடித்து, ஓராண்டில் ஊறிய ரொட்டிபோல் உப்பிவிடுகிறது. ஆகவே எந்த அறைகலனாக இருந்தாலும் 6 அங்குலக் காலில் நிற்கட்டும். இல்லையேல் முழுவதும் சுவரில் தொங்கட்டும். துடைப்பமும் மாப்பும் அடியில் போய்வரும், தரை தொடர்ச்சியாகத் தெரியும், அறையும் பெரிதாகத் தோன்றும். இரும்புக் கால் வைப்பதானால் அதன் அடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரைக்கு அருகில் வீடு என்றால் பவுடர் கோட்டிங் உரிந்த இடத்திலெல்லாம் துரு ஏறும்.

சுவரில் மடிக்கும் மேசையை நான் ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், அதன் முழுப் பாரமும் சில திருகாணிகளின் மீது நிற்கிறது; ஒருவர் அதன் விளிம்பில் கையூன்றி எழும்போது அந்த இழுப்பு பல மடங்காகிச் சுவருக்குப் போகிறது. கான்கிரீட்டிலும் கனமான செங்கல் சுவரிலும் அதைத் தாங்கலாம். இன்றைய அடுக்ககங்களில் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் அல்லது இலகுக் கல். அதற்குரிய நங்கூரத் திருகாணி போடாவிட்டால் பூச்சோடு பெயர்ந்து வரும். முழங்கால் வலியுள்ளவர் எதைப் பிடித்து எழுவார் என்று நினைத்துப் பாருங்கள். தவிர, மடிக்கும் மேசையை மடிக்க வேண்டுமென்றால் அதன்மேல் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாம் வாரத்திலிருந்து அது விரித்தபடியே கிடப்பதைத்தான் நான் போன வீடுகளிலெல்லாம் பார்த்திருக்கிறேன். தனியாக ஒருவர் வாழும் அறைக்கு அது நல்லது. உங்களுக்கு இடம் மிச்சப்படுத்துவது சோபாவுக்கு முன்னால் போடும் டீப்பாயில் இருக்கிறது: ஒன்றுக்குள் ஒன்று நுழையும் முக்காலிகள் இரண்டு வாங்கினால் போதும். ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் மார்செல் பிராயர் 1920களின் நடுவில் எஃகுக் குழாயில் செய்த அத்தகைய முக்காலிகள் மேசையாகவும் பயன்பட்டன, உட்காரவும் பயன்பட்டன.

நாற்காலி, சோபா விஷயத்தில் மாமியாரை மையமாக வைத்துத் தேர்ந்தெடுங்கள். படங்களில் காணும் தாழ்ந்த சோபாக்களின் இருக்கை 14, 15 அங்குலம்தான் இருக்கும். முழங்கால் வலியுள்ளவர் அதிலிருந்து துணையின்றி எழ முடியாது. இருக்கை 18 அங்குலம் இருக்கட்டும். அமர்ந்தால் 2 அங்குலத்துக்கு மேல் அமுங்காத அடர்த்தியான மெத்தையாக இருக்கட்டும். சாப்பாட்டு நாற்காலிகளில் ஒன்றுக்கு மட்டும் கை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையின் உயரம் தரையிலிருந்து 25 அங்குலத்துக்குள் இருந்தால்தான் மேசைச் சட்டத்தில் இடிக்காமல் உள்ளே போகும். சோபாவுக்கு மாற்றாக, கீழே டிராயர் வைத்த திண்ணை போன்ற நீண்ட இருக்கையைப் பரிந்துரைப்பேன். இரண்டு அடி அகலம் கொடுத்தால் பகலில் படுக்கவும் உதவும்.

நம் பழைய வீடுகள் இயல்பாகவே மினிமலிஸ்ட் வீடுகள் என்று பெருமையாகப் பேசுவதைக் கேட்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மேசை என்ற சொல்லும் அலமாரி என்ற சொல்லும் போர்ச்சுகீசியரோடு வந்தவை. கூடத்தில் ஓர் ஊஞ்சலும் சுருட்டி வைத்த பாய்களும் சாப்பிட உட்கார மனைப்பலகைகளுமே இருந்தன என்பது சரி. ஆனால் அந்தக் கூடம் காலியாக இருந்ததற்குக் காரணம், பரணும் பத்தாயமும் சாமான் அறையும் நிறைந்திருந்தன என்பதே. அடுக்ககத்தில் பரண் சிறிது, பத்தாயம் இல்லை. ஆகவே பொருட்கள் ஒளிய இடம் செய்யாமல் காலியான கூடத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரு சுவரை முழுமையாகக் கூரைவரை மூடிய அலமாரியாக்குங்கள். கைப்பிடி இல்லாத, சுவரின் நிறத்திலேயே உள்ள கதவுகள் கொடுத்தால் அது சுவராகவே மறைந்துவிடும். திறந்த தட்டுகள் படத்தில் நன்றாக இருக்கும்; சென்னைத் தூசியில் அவற்றைத் துடைப்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பூச்சில் மேசைக்குப் பளபளப்பற்ற பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு ஏற்றது; தண்ணீர் வட்டம் விழாது, ஈரத்துணியால் துடைக்கலாம். அரக்கு பாலிஷ் கண்ணுக்கு இதமானது, ஆனால் சூடான காப்பித் தம்ளரை ஒருமுறை வைத்தால் வெள்ளைத் தழும்பு நிற்கும். எண்ணெய்ப் பூச்சை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீங்களே மறுபடி தேய்க்கத் தயாராக இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளை சன்மைக்கா மேசையில் சாம்பாரின் மஞ்சள் கறை பிடிக்கும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மேசையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக முடியாது.

ஆசாரியிடம் போவதற்கு முன் நீளம், அகலம், உயரம், பலகைக் கனம், சட்டத்தின் ஆழம், காலின் கனம் ஆகிய ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படத்தை மட்டும் கைப்பேசியில் காட்டினால் அவர் தமக்குப் பழகிய அளவில்தான் செய்வார். காலுக்கு 2 அங்குலச் சதுரம் போதும், கீழே போகப்போக ஒன்றேகால் அங்குலமாகச் சரித்துக்கொள்ளலாம். மூலைகளைக் கால் அங்குலம் உருட்டச் சொல்லுங்கள், ஏனெனில் 7 வயதுக் குழந்தையின் விலாவோ முழங்கையோ ஓடும் வேகத்தில் அந்த உயரத்தை ஒட்டித்தான் வரும். மேசை வந்ததும் ஒரு மூலையைப் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பூச்சுக்கு முன்பே திருப்பி அனுப்புங்கள். இவ்வளவும் செய்வதற்கு முன், 4 அடிக்கு இரண்டரை அடி செய்தித்தாளைக் கூடத்துத் தரையில் ஒட்டி, நாற்காலிகளின் இடத்தையும் சாக்பீஸால் குறித்து, ஒரு வாரம் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். அந்த வாரத்தில் மேசையின் இடம் ஓரடியாவது நகரும். மின்சாரப் பிளக் எங்கே வேண்டும் என்பதை அதன் பிறகு எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம்.